முதல்வர் அளவு

“கால் ஆணியை எத்தனை முறை வெட்டினால் அது திரும்ப வராது?” என்று ஆவுடையப்பர் கேட்டார்.

மடத்தின் குரு சொக்கலிங்க அடிகள் ஏட்டிலிருந்து கண்ணை எடுத்தார்.

“நீர் எத்தனை முறை வெட்டினீர்?”

“ஏழு முறை.”

“எட்டாம் முறையும் வெட்டிப் பாரும்.”

“அதற்கு நாள் இல்லை, சுவாமி.”

அது உண்மை. இன்னும் பத்து நாளில் பௌர்ணமி. அன்று காலை ஆவுடையப்பர் மேலக்குன்றத்துக்குப் புறப்பட வேண்டும். அங்கே மடத்தின் கிளை ஒன்று தொடங்கப்படுகிறது. அதன் தலைவராக அவர் நியமிக்கப்பட்டிருந்தார்.

தொலைவு நாற்பது மைல். வண்டி ஏறுவது பூவாற்றூர் மடத்தின் வழக்கம் அன்று. குறித்த நாளில் நடந்து புறப்பட இயலாதவரின் பதவி அடுத்தவருக்குப் போகும். அடுத்தவர் வைத்தியநாதர். வயது முப்பத்தாறு.

ஆவுடையப்பருக்கு ஐம்பத்துமூன்று. குருவைவிட நான்கு வயது மூத்தவர். இப்படி ஒரு நியமனத்துக்காக இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருப்பதாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

“காலைக் காட்டும்,” என்றார் அடிகள்.

“குருவுக்கு உள்ளங்காலைக் காட்டுவது அபசாரம்.”

“அப்படியானால் வாயால் காட்டும்.”

“வலது பாதம். விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டின் நடுவில். மிளகு அளவு. அடி வைத்தால் நெருஞ்சி முள்ளின்மேல் நிற்பதுபோல் இருக்கிறது.”

“என்ன செய்தீர்?”

“உப்பு வெந்நீரில் ஊறவைத்தேன். எருக்கம்பால் தடவினேன்; சுற்றியிருந்த நல்ல தோல்தான் வெந்தது. பிறகு கத்தியால் செதுக்கினேன். செதுக்கினால் புண் ஆற இருபது நாள் ஆகும். மீண்டும் அதே இடத்தில் வரும்.”

“அதே இடத்திலா?”

“ஒரு நூல்கூடப் பிசகாமல்.”

“எவ்வளவு காலமாக?”

“ஒன்பது ஆண்டுகளாக.”

“இதுவரை என்னிடம் சொன்னதில்லையே.”

“அதைத் தவம் என்று எடுத்துக்கொண்டேன், சுவாமி.”

“தவம் என்றால் ஏன் வெட்டினீர்?”

ஆவுடையப்பர் வலது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

அடிகள் ஏட்டைக் கட்டி வைத்தார்.

“உமது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடைவீதியில் பூவரச மரத்தடியில் பேச்சியம்மாள் இருக்கிறாள். அவளிடம் கேளும்.”

“செருப்புத் தைப்பவளிடமா?”

“இலக்கண ஆசிரியரிடம் கேட்கலாம் என்றால், இந்த மடத்தின் இலக்கண ஆசிரியர் நீர்தான். ஒன்பது ஆண்டுகளாக உம்மிடமே கேட்டுக்கொண்டிருக்கிறீர்.”

*

ஆவுடையப்பர் கடைவீதியில் நடந்தார். ஊரார் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பூவாற்றூரில் மடத்து நடை என்று ஒன்று உண்டு. குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தை மெல்ல வைக்க வேண்டும். ஒரு கணம் நிற்க வேண்டும். உடம்பைச் சற்றே சாய்த்து மறுகாலை எடுக்க வேண்டும். மடத்தில் உள்ள நாற்பத்தொருவரும் அப்படித்தான் நடப்பதாக ஊர் நம்பியது. பூமிக்கு நோகாமல் நடக்கிறார்கள் என்று வெளியூர்ப் புலவர் ஒருவர் பாடிவைத்தார். அந்தப் பாட்டு மடத்து வாசலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

பேச்சியம்மாள் குத்தூசியால் தோலில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஆவுடையப்பர் மூன்று முழம் தள்ளி நின்றார்.

“கால் ஆணி எதனால் வருகிறது என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.”

“யாரு, பெரிய சாமியா? சிரிச்சுக்கிட்டே சொன்னாரா?”

“அவர் சிரிக்கவில்லை.”

“அப்ப உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாரு. செருப்பைக் கழத்துங்க.”

அவர் கழற்றினார்.

“அங்ஙன நின்னா எனக்கு என்ன தெரியும்? இங்ஙன வாங்க. இந்தக் கல்லுல உக்காருங்க. காலைத் தூக்கி இப்படி வையுங்க.”

“பெண்பிள்ளை முன் காலைத் தூக்குவது...”

“நான் காலைத்தான் பாக்கேன், சாமி. முகத்தைப் பாக்க வேற ஆளுங்க இருப்பாங்க.”

அவர் உட்கார்ந்தார். காலைத் தூக்கி வைத்தார். முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேச்சியம்மாள் ஆணியை ஒரு விரலால் தொட்டாள். பிறகு வலது செருப்பை எடுத்து, கட்டைவிரல் வளையத்துக்குள் அவருடைய கட்டைவிரலை நுழைத்து, செருப்பைப் பாதத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

“குதிகால் எங்க இருக்கு, பாருங்க.”

குதிகால் செருப்புக்கு வெளியே இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.

“இப்ப இங்க பாருங்க. மேல்வாரை அடித்தோலுக்குள்ள இறக்கித் தச்சிருக்கேன். இந்தத் தையல் மேடு தெரியுதா? தடவிப் பாருங்க.”

அவர் தடவினார்.

“இப்ப உங்க ஆணியைத் தடவுங்க.”

அவர் தடவினார்.

“ரெண்டும் ஒரே இடத்துலயா?”

“ஆம்.”

“இந்த மேடு உள்ளங்கால் குழிவுல வரணும். அங்க வந்தா அது இருக்கதே தெரியாது. உங்களுக்கு முன்பாதத்துக்கு அடியில வருது. நீங்க மேல வெட்டுதீங்க. இது கீழ இருந்து குத்துது. எழுபது தடவை வெட்டினாலும் குத்தும்.”

“அப்படியானால் தையலைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறாய்.”

பேச்சியம்மாள் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தையல் சரியான இடத்துலதான் இருக்கு. செருப்புதான் உங்களது இல்ல.”

“என்னுடையதுதான். போன தை மாதத்தில் நீயே தைத்துக் கொடுத்தாய்.”

“தச்சது நான்தான். உங்களுக்குத் தைக்கல.”

மரக்கிளையில் ஒரு கம்பி கட்டியிருந்தது. அதில் காலின் வடிவத்தில் வெட்டிய தோல் துண்டுகள் கோத்துத் தொங்கின. ஊரில் யார் யாருக்குச் செருப்புத் தைத்தாளோ அவர்கள் ஒவ்வொருவரின் அளவும் அதில் இருந்தது. அவள் ஒன்றை உருவினாள். பழமையால் கறுத்து, மரம்போல் இறுகியிருந்தது. அதன் மேல் மடத்துக்கு அடையாளமாக மூன்று கோடுகள் கீறியிருந்தன.

“உங்க மடத்துல நாப்பத்தோரு பேரு. நாப்பது பேரு சோடியை இதை வச்சுத்தான் வெட்டுதேன். எங்க அப்பா இதை வச்சு வெட்டினாரு. அவரோட அப்பாவும் இதை வச்சுத்தான்.”

“முதல்வர் அளவு,” என்றார் ஆவுடையப்பர். அவர் கை தானாகவே குவிந்தது. “அதை மாற்றுவதில்லை என்பது எங்கள் நியமம். மடத்தை நிறுவியவரின் அடியில் நாங்கள் நடக்கிறோம்.”

“அவரு குள்ளமான ஆளு, சாமி. எங்க வீட்டுக் கூரைக்குக் கீழ குனியாம வருவாராம்.”

“அவர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா?”

“அளவு குடுக்க வராம? தோலை விரிச்சுப் போட்டதும் ஏறி நின்னாராம். எங்க பாட்டனாருக்குக் கை நடுங்கிச்சாம். ‘நடுங்காதேயும், கோடு கோணினால் எனக்குத்தான் கடிக்கும்’னு சொன்னாராம்.”

ஆவுடையப்பர் கைகளைக் கீழே இறக்கினார்.

அப்போது கம்பியில் இன்னொரு தோலைக் கண்டார். புதியது. அதிலும் மூன்று கோடுகள் இருந்தன; கீழே பொடியாக ஒரு பெயரும் கீறியிருந்தது. இது கறுத்த தோலைவிட நீளம், குதிகால் ஒடுங்கியது.

“இது யாருடையது?”

“பெரிய சாமியோடது. மூணு வருசமாச்சு.”

*

அவர் மடத்துக்குத் திரும்பினார். வழியில் யாருடைய வணக்கத்தையும் ஏற்கவில்லை.

“தாங்கள் அளவை மாற்றினீர்களா?”

“மாற்றினேன்.”

“யாருக்கும் தெரியாமலா?”

“நடுப்பகலில், கடைவீதியில். இருபது பேர் பார்த்தார்கள். செருப்புத் தைக்கப் போனேன் என்று நினைத்திருப்பார்கள். அதற்குத்தான் போனேன்.”

“மடத்துக்கு ஏன் அறிவிக்கவில்லை?”

“என் காலின் அளவு மடத்துக்கு எதற்கு?”

ஆவுடையப்பருடைய குரல் உயர்ந்தது. அந்த மடத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுவே முதல் முறை.

“ஒவ்வொரு நாளும் விடியலில் தங்கள் செருப்பைத் துடைத்து வைப்பவன் நான்.”

“ஆம்.”

“எனக்குத் தெரியாமல் போனது எப்படி?”

“துடைத்த பின் என்ன செய்வீர்?”

“கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.”

“அப்போது கண் திறந்திருக்குமா?”

ஆவுடையப்பர் வாசலில் கிடந்த குருவின் செருப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“மூன்று ஆண்டுகளாக என் பின்னால் நடந்து வருகிறீர். நான் நொண்டுகிறேனா?”

ஆவுடையப்பர் நினைவுபடுத்திப் பார்த்தார். குருவுக்குப் பின்னால் தலை குனிந்து, அவருடைய அடிச்சுவடுகளில் தம் அடியை வைத்து நடந்த நாள்கள் நினைவில் இருந்தன. சுவடுகள் நினைவில் இருந்தன. நடை நினைவில் இல்லை.

அடிகள் எழுந்தார். தூண்வரை நடந்தார். திரும்பி நடந்தார். தம் வயலைப் பார்க்கப் போகிற ஒருவர் நடப்பதுபோல் இருந்தது. அதில் பாடுவதற்கு ஒன்றும் இல்லை.

“இதை அன்றே என்னிடம் சொல்லியிருக்கலாம்,” என்றார் ஆவுடையப்பர்.

“சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்?”

பொய் சொல்லும் பழக்கம் ஆவுடையப்பருக்கு இல்லை.

“தங்கள் அளவில் எனக்கும் ஒரு சோடி தைக்கச் சொல்லியிருப்பேன்.”

அடிகள் உட்கார்ந்தார். ஏட்டை அவிழ்த்தார்.

ஆவுடையப்பர் நகரவில்லை.

“மேலக்குன்றத்தார் இந்த மடத்தைக் கண்டதில்லை. மடத்து நடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்த நடை இல்லாமல் போய் நின்றால் என்னை யார் ஏற்பார்கள்?”

“போய்ப் பார்த்துச் சொல்லும்.”

*

ஆறு நாள்கள் ஆவுடையப்பர் பழைய செருப்பிலேயே நடந்தார்.

முதல்வர் பிழை செய்திருக்க மாட்டார் என்று தமக்குத் தாமே வாதிட்டார். வாதத்தில் வென்றார். ஐந்தாம் நாள் கிணற்றடிப் படியில் கால் மடங்கி விழுந்தார்.

ஆறாம் நாள் வைத்தியநாதர் தம்முடைய இரண்டு வேட்டிகளையும் துவைத்து உலர்த்தினார்.

“அண்ணா,” என்றார், “பயணத்தில் நான் வேண்டுமானால் தங்கள் மூட்டையைச் சுமந்து வரட்டுமா?”

“எதுவரை?”

“மேலக்குன்றம் வரை.”

“அங்கிருந்து திரும்புவீரா?”

வைத்தியநாதர் வேட்டியின் சுருக்கத்தை நீவினார்.

ஆவுடையப்பர் அவருடைய பாதங்களைப் பார்த்தார். பதினான்கு ஆண்டுகளாக உடன் உண்டவரின் பாதங்களை அன்றுதான் பார்த்தார். சிறிய பாதங்கள். செருப்பின் விளிம்புக்குள் அடங்கியிருந்தன.

“உமக்குச் செருப்பு கடித்ததுண்டா?”

“இல்லையே. எனக்கென்றே தைத்தாற்போல் இருக்கும். எல்லாம் முதல்வர் அருள்.”

“கால் ஆணி?”

“அப்படி என்றால்?”

வைத்தியநாதர் உலர்ந்த வேட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முன்பாதத்தை மெல்ல வைத்தார். ஒரு கணம் நின்றார். உடம்பைச் சற்றே சாய்த்து மறுகாலை எடுத்தார்.

“வைத்தியநாதரே.”

“அண்ணா?”

“வலிக்காமலா இப்படி நடக்கிறீர்?”

“ஏன், வலிக்க வேண்டுமா?”

*

ஏழாம் நாள் காலையில் ஆவுடையப்பர் பூவரச மரத்தடிக்குப் போனார். இம்முறை மூன்று முழம் தள்ளி நிற்கவில்லை.

“அளவு எடுத்துக்கொள், அம்மா.”

“இப்ப எடுக்க மாட்டேன். சாயங்காலம் வாங்க.”

“ஏன்?”

“காலு காலையில சின்னதா இருக்கும். பொழுது போகப் போக வீங்கும். காலையில அளவு குடுத்தவங்களுக்குச் சாயங்காலம் கடிக்கும். போயி வேலையைப் பாருங்க. நிறைய நடங்க. பெறவு வாங்க.”

“நடக்கத்தான் முடியவில்லையே.”

“முடிஞ்ச மட்டும் நடங்க.”

மாலையில் போனார். அவள் தோலை விரித்துப் போட்டாள். அவர் ஏறி நின்றார். அவள் கரித்துண்டால் வலது பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். பிறகு இடது பாதத்தைச் சுற்றினாள்.

“ஒரு கால் போதாதா? முதல்வர் அளவில் ஒரு தோல்தானே இருக்கிறது?”

“ஒண்ணு எங்க பாட்டனார் காலத்துலயே கரையான் அரிச்சுப் போச்சு. ரெண்டு காலும் ஒரு அளவா இருக்காது, சாமி. உங்களுக்கு வலது பெருசு.”

“முதல்வருக்கு?”

“அவரும் மனுசன்தான?”

அவர் தோலைவிட்டு இறங்கினார். கோடுகளைப் பார்த்தார். அகன்று, முன்பக்கம் விரிந்து, சுண்டுவிரல் சற்றே வெளியே தள்ளிய இரண்டு வடிவங்கள். அவற்றில் அழகு ஒன்றும் இல்லை.

“இந்த ஆணி?”

“அது ஒரு மாசம் கிடக்கும். கிடந்துட்டுப் போவுது. அழுத்தம் இல்லேன்னா அதுவும் தோலுதான். கத்தியை மட்டும் எடுக்காதீங்க.”

“நாற்பது மைல் நடக்க வேண்டும்.”

“செருப்பு பௌர்ணமிக்கு மொத நாள் காலையில தயாரா இருக்கும். அன்னைக்கு முழுக்கப் போட்டு நடங்க. கடிச்சா கொண்டாங்க, தட்டித் தாரேன். கடி நிக்குறவரைக்கும் ஊரைவிட்டு எடுத்துட்டுப் போகக் கூடாது.”

அவள் கத்தியால் தோலை வெட்டினாள். அதன் மேல் கீறுவதற்கு ஊசியை எடுத்தாள்.

“பேரு?”

“மடம் என்று கீறிக்கொள்.”

“மடத்துக்குக் காலு கிடையாது, சாமி. பேரைச் சொல்லுங்க.”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

“ஆவுடையப்பர்,” என்றார்.

*

பௌர்ணமியன்று காலை மடத்து வாசலில் முப்பத்தொன்பது பேர் இரண்டு வரிசையாக நின்றார்கள். வைத்தியநாதர் அந்தத் துவைத்த வேட்டிகளில் ஒன்றைக் கட்டியிருந்தார். தெருவில் ஊரார் கூடியிருந்தார்கள்.

ஆவுடையப்பர் குருவை வணங்கி எழுந்தார். புதிய செருப்பில் கால்களை நுழைத்தார். முந்தின நாள் அவற்றில் ஐந்து மைல் நடந்திருந்தார். ஒருமுறை கொண்டுபோய் இடது வாரைத் தட்டி வாங்கி வந்திருந்தார். இப்போது எங்கும் கடிக்கவில்லை. ஆணி அதன் இடத்தில் இருந்தது. அது இருப்பது தெரியவில்லை.

கல்லில் வெட்டிய பாட்டைக் கடந்து அவர் படியிறங்கினார்.

முன்பாதத்தை மெல்ல வைத்தார். ஒரு கணம் நின்றார். உடம்பைச் சற்றே சாய்த்து மறுகாலை எடுத்தார்.

“பார்த்தீரா அந்த நடையை?” என்று கூட்டத்தில் ஒருவர் தழுதழுத்தார். “மேலக்குன்றம் கொடுத்துவைத்த ஊர்.”

“ஆவுடையப்பரே,” என்றார் அடிகள்.

அவர் திரும்பினார்.

“செருப்பு கடிக்கிறதா?”

“இல்லை, சுவாமி.”

“ஆணி குத்துகிறதா?”

“இல்லை.”

“பிறகு, நொண்டுவது யார்?”

ஆவுடையப்பர் வலது குதிகாலைக் கீழே வைத்தார்.